குளிரில்லாத கரையில் கோழிக்கு விளக்கு

கொழும்பிலிருந்து புத்தளம் போகும் விடிகாலை பஸ்ஸில் வென்னப்புவவைத் தாண்டினால், மாரவில வரைக்கும் தென்னந்தோட்டங்களுக்குள் அங்கங்கே மஞ்சள் வெளிச்சம் தெரியும். கிழக்கு வெளுக்க இன்னும் நேரம் இருக்கும். வீடுகள் இருட்டில் கிடக்க, கோழிப் பண்ணைகள் மட்டும் விழித்திருக்கும். கோழிக்கு விளக்குப் போடுவது பனிநாட்டுக்காரர் தங்கள் குளிர்காலத்துக்காகக் கண்டுபிடித்த வேலை. வருடம் முழுக்க வியர்க்கிற இந்தக் கரையில் அதற்கு என்ன தேவை வந்தது?

அமெரிக்காவில் இதை முதலில் செய்து பார்த்தவராகச் சொல்லப்படுபவர் பஃபலோ நகரத்து வைத்தியர் ஒருவர், ஈ. சி. வால்டோர்ஃப். 1889-இல் தன் கோழிக்கூட்டில் விளக்கை ஏற்றி, குளிர்காலத்திலும் முட்டை எடுத்தார். 1920 வாக்கில் கோர்னெல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜேம்ஸ் ரைஸ் போன்றவர்கள் இதைப் பண்ணைக்காரர் மத்தியில் பரப்பினார்கள். அப்போது சொன்ன காரணம் எளிமையானது: வெளிச்சம் இருந்தால் கோழி கூடுதல் நேரம் தின்னும், தின்றால் முட்டை போடும்.

காரணம் தீனில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கனடாவின் எட்மன்டனில் ஆய்வாளர் வில்லியம் ரோவன் 1924-இல் ஜங்கோ என்ற சிறு குருவிகளைக் கூண்டிலிட்டு, இலையுதிர் காலம் தொடங்கி மாலைதோறும் மின்குமிழால் அவற்றின் பகலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார். நடுக்குளிரில் அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்தகாலத்தில் போலப் பருத்தன. 1930-களில் பிரான்சின் ஜாக் பென்வா வாத்துகளில் இன்னும் விசித்திரமானதைக் கண்டார். கண் அகற்றப்பட்ட வாத்தும் வெளிச்சத்துக்கு மசிந்தது. ஒளி மண்டையோட்டை ஊடுருவி மூளைக்குள்ளேயே போய்ச் சேருகிறது. சிலாபம், முந்தல் பக்கத்து இறால் பொரிப்பகக்காரருக்கு இது வேடிக்கையாக இருக்கும். அவர்களுடைய தொழிலில் தாய் இறாலின் ஒரு கண்தண்டை நறுக்கிவிட்டால்தான் அது சீக்கிரம் முட்டைக்கு வரும். சினையைத் தடுக்கும் சுரப்பு அந்தத் தண்டில் இருக்கிறது.

இனிப் புத்தளத்துக் கணக்கு. ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகையில் இருக்கிறது. ஆனி மாதத்து மிக நீண்ட பகல் ஏறக்குறைய 12 மணி 35 நிமிடம். மார்கழியின் மிகக் குறுகிய பகல் 11 மணி 40 நிமிடம். இடையில் ஒரு மணி நேரம்கூட இல்லை. கோர்னெல் இருக்கும் இத்தாக்காவிலோ பகல் மார்கழியில் ஒன்பது மணிக்குச் சுருங்கி, ஆனியில் பதினைந்துக்கு மேல் விரியும். அங்கே கோழி முட்டையை நிறுத்துவதற்குச் சூரியன் காரணம். இங்கே சூரியன்மேல் பழி போட முடியாது. வில்பத்துக் காட்டில் கொக்கரிக்கும் இலங்கைக் காட்டுக்கோழி, தேசியப் பறவை, இந்தச் சீரான பகலிலேயே குஞ்சு பொரித்துப் பெருகி வந்திருக்கிறது.

அப்படியானால் வீட்டுக் கொல்லையில் திரியும் ஊர்க்கோழி ஏன் நிறுத்துகிறது? அடைக்காக. பத்து, பதினைந்து முட்டை இட்டதும் உடம்பு சூடேறி, கூட்டை விட்டு எழும்பாமல் உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை, பிறகு குஞ்சுகளோடு வாரக்கணக்கில் அலைச்சல். எல்லாம் போக வருடத்துக்கு 50, 60 முட்டை தேறும். மாரியில் அதுவும் குறைந்தால் ஈரம், நோய், இறகு உதிர்வு என்று தேட வேண்டும். அடைக்கோழியின் தலைக்குமேல் எத்தனை குமிழ் எரித்தாலும் அது எழும்பாது. அதனால்தான் பெண்கள் அதைத் தண்ணீரில் முக்கினார்கள், காலைக் கட்டினார்கள், மூக்கில் இறகைச் செருகினார்கள்.

தமிழ் வீடுகளில் கோழிக்கும் விளக்குக்கும் வேறு விதமான உறவு இருந்தது. அடைவைக்கும் கூடையில் முட்டைகளோடு ஒரு இரும்புத் துண்டும் கரிக்கட்டியும் காய்ந்த மிளகாயும் வைப்பார்கள். ஐப்பசி இடியில் முட்டை கலங்கிவிடக் கூடாது என்பது நம்பிக்கை. ஒரு வாரம் கழித்து, இரவில், குப்பி லாம்பின் முன் ஒவ்வொரு முட்டையாகப் பிடித்துப் பார்ப்பார்கள். உள்ளே சிவந்த நரம்பு ஓடினால் கூடைக்குத் திரும்பும், வெறுமையாக இருந்தால் கூழ்முட்டை. கீரியோ மரநாயோ வந்து கூடு கலவரப்பட்டால் அரிக்கன் லாம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். முட்டையின் எண்ணிக்கையைக் கூட்ட யாரும் எண்ணெய் எரிக்கவில்லை. எரித்திருந்தால் மண்ணெண்ணெய்ச் செலவை முட்டை ஈடுகட்டியிருக்காது.

குமிழைக் கொண்டுவந்தது கலப்பினக் கோழி. 1977-இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் கோழி வளர்ப்பு இலங்கையில் பெருந்தொழிலானபோது, புத்தளமும் குருநாகலும் அடங்கிய வடமேல் மாகாணம் அதில் பெரும் பங்கை எடுத்துக்கொண்டது. தென்னை நிழல் இருந்தது, தீனுக்குத் தேங்காய்ப் பிண்ணாக்கு இருந்தது, தரையில் பரப்ப நெல் உமி இருந்தது. எரு தென்னைக்கும் கற்பிட்டி மணல் தோட்டங்களுக்கும் போனது. முட்டைக்கென்றே வளர்க்கும் இந்த லேயர் கோழிக்கு அடை என்ற குணமே இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து அதை இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். வருடத்துக்கு 300 முட்டை அதன் கணக்கு. அதற்கு நாளொன்றுக்குச் சுமார் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். சூரியன் பன்னிரண்டைத் தரும், மிச்சம் நான்கைக் கரண்ட் தர வேண்டும்.

விளக்கை விடியலுக்கு முன் போடுவது நல்லது. இரவில் திடீரென்று அணைத்தால் கோழி சட்டத்தில் ஏற வழி தெரியாமல் தரையில் தடுமாறும். இன்னொரு விதியும் உண்டு: முட்டையிடும் கோழிக்குக் கொடுத்த வெளிச்சத்தைக் குறைக்கக் கூடாது. குறைந்தால் உடம்பு அதைக் குளிர்காலம் என்று எடுத்துக்கொண்டு முட்டையை நிறுத்தி, இறகை உதிர்க்கத் தொடங்கும்.

மனிதரின் கடிகாரமோ அப்படி நிலையானதல்ல. 1996 மே மாதம், வறட்சியால் வந்த மின்தட்டுப்பாட்டில், இலங்கை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அக்டோபரில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. மீதி அரை மணி 2006 ஏப்ரலில்தான் சரியானது. விடியலுக்கு முன் விளக்குப் போடுகிறவர் கடிகாரத்தையே நம்பியிருந்தால், முதலில் அவருடைய கோழிகளின் பகல் ஒரு மணி நீண்டிருக்கும், பிறகு இரண்டு தவணையாகச் சுருங்கியிருக்கும். பட்சிக்கு அரசாங்க நேரம் தெரியாது.

நாட்டின் மிகப்பெரிய அனல்மின் நிலையம் இதே புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலையில்தான் நிற்கிறது. 2011-க்கும் 2014-க்கும் இடையில் மூன்று அலகுகளாக எழும்பியது, மொத்தம் 900 மெகாவாட். ஆனாலும் 2022 மார்ச் கடைசியில் நாடெங்கும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, கரண்டுக்கு மாற்றுவழி இல்லாத பண்ணைகளுக்கு மார்கழியைவிடப் பெரிய இருட்டு வந்தது. அதைவிடப் பெரிய அடி தீனில் விழுந்தது. இறக்குமதிக்கு டொலர் இல்லை, அதனால் சோளம் இல்லை. ஆகஸ்டில் அரசு வெள்ளை முட்டைக்கு 43 ரூபாய், சிவப்பு முட்டைக்கு 45 ரூபாய் என உச்சவிலை கட்டியது. 2023-இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதியானது.

பண்ணையில் வயது முடிந்த லேயர் கோழிகளை அக்கம்பக்கத்து வீட்டுக்காரர் மலிவாக வாங்கிப் போவதுண்டு. பதினாறு மணிப் பகலில் வாழ்ந்த கோழி, கொல்லைக்கு வந்த நாள் முதல் பன்னிரண்டு மணிப் பகலில் விடப்படுகிறது. சில வாரங்களில் கழுத்து இறகு கொட்டி, முட்டை நின்றுவிடும். ஏமாந்துவிட்டோம் என்று கறிக்கு அறுத்துவிடுகிறவர்கள் உண்டு. பொறுத்திருக்கிறவரின் கோழிக்குப் புது இறகு முளைத்து, குமிழ் இல்லாமலே மறுபடி முட்டை தொடங்கும். பண்ணையில் இட்ட அளவுக்கு அல்ல.