டவர் ஒலிபெருக்கியை நீங்களே செய்யலாமா? வீவக வீட்டுக்கான கணக்கு இதோ

இடுப்பளவு உயரத்தில் இரண்டு பெட்டிகள். பாட்டு போட்டால் மிருதங்கம் நெஞ்சில் தட்டும். கடையில் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

"பேசாம நாமே செஞ்சா என்ன?"

செய்யலாம். உலகம் முழுவதும் பலர் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். ஆனால் சாங்கி வில்லேஜிலோ தெம்பனிஸிலோ அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. அந்த மிருதங்கம் உங்கள் நெஞ்சில் மட்டும் தட்டுமா, பக்கத்து வீட்டுச் சுவரிலும் தட்டுமா?

அதனால் முதலில் கூடத்தைப் பாருங்க. அடுத்து கணக்கு. கடைசியில்தான் கடை.

பெட்டிக்குள் என்ன இருக்கும்?

• வூஃபர்: தாழ்ந்த ஒலி, நடுத்தர ஒலி
• ட்வீட்டர்: கீச்சென்ற மேல் ஒலி. நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது காது இருக்கும் உயரத்தில், தரையிலிருந்து சுமார் 90 முதல் 100 செண்டிமீட்டரில் இருப்பது நல்லது.
• கிராஸ்ஓவர்: எந்த ஒலி எதற்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்பும் மின்சுற்று
• போர்ட்: பெட்டிக்குள் இருக்கும் காற்றைப் பயன்படுத்தி தாழ்ந்த ஒலிக்குப் பலம் சேர்க்கும் குழாய்

பெட்டி ஏன் இவ்வளவு முக்கியம்?

வூஃபர் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. பெட்டி இல்லாவிட்டால் முன்னும் பின்னும் வரும் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும்.

பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் அதற்கு ஒரு கணக்கு முறையை வெளியிட்டார். 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். இன்று நல்ல வூஃபர்களின் விவரத்தாளில் 'தீல்-ஸ்மால்' எண்கள் இருக்கும். அவற்றை வின்ஐஎஸ்டி போன்ற இலவச மென்பொருளில் போட்டால் பெட்டியின் அளவு தெரிந்துவிடும்.

விவரத்தாள் இல்லையா? அந்த வூஃபரை வாங்காதீங்க.

ஓர் எடுத்துக்காட்டு

பெட்டியின் உட்புறம் 18 செண்டிமீட்டர் அகலம், 25 செண்டிமீட்டர் ஆழம், 90 செண்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 40.5 லிட்டர். வூஃபரும் உள்ளே வைக்கும் குறுக்குச் சட்டங்களும் எடுக்கும் இடத்தைக் கழித்தால் சுமார் 38 லிட்டர்.

அதில் 40 ஹெர்ட்ஸுக்கு 'ட்யூன்' செய்ய, 7 செண்டிமீட்டர் விட்டமுள்ள போர்ட் குழாய் சுமார் 14 செண்டிமீட்டர் நீளம் வேண்டும். வூஃபர் மாறினால் இந்தக் கணக்கும் மாறும்.

உயரமான பெட்டிக்கு ஒரு குறையும் உண்டு. 90 செண்டிமீட்டர் உயரத்தில் சுமார் 190 ஹெர்ட்ஸ் ஒலி மேலும் கீழும் மோதி உறுமும். உள்ளே செயற்கைப் பஞ்சு வைத்தால் அது அடங்கும்.

கிராஸ்ஓவரை நாமே வடிவமைக்கலாமா?

முதல் முயற்சியில் வேண்டாம்.

பாடப்புத்தகக் கணக்குப்படி, 8 ஓம் ட்வீட்டரை 2,500 ஹெர்ட்ஸில் பிரிக்க 8 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் போதும். ஆனால் அந்த 8 ஓம் எல்லா ஒலிக்கும் அப்படியே இருப்பதில்லை, ஏறி இறங்கும். அதனால் மைக் வைத்து அளந்து திருத்த வேண்டியிருக்கும். ஏற்கெனவே சோதித்து வெளியிடப்பட்ட வடிவமைப்பை எடுத்து, அதில் சொன்ன அதே பாகங்களைப் போடுவதே பாதுகாப்பானது. "இதுவும் அதே சைஸ்தானே" என்று வேறு வூஃபரை மாற்றினால் கணக்கு கெட்டுவிடும்.

எங்கே வாங்குவது?

கெப்பாசிட்டர், கம்பி, இணைப்பான், சோல்டரிங் கருவி போன்றவற்றுக்கு ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவர். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகலாம். நல்ல ஒலி எப்படி இருக்கும் என்று காதுக்குப் பழக்க, கோல்மன் ஸ்திரீட்டில் ஹை-ஃபை கடைகள் இருக்கும் அடெல்ஃபி கட்டடத்துக்கு ஒரு நடை போய்வாங்க.

பெட்டிக்கு 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகை ஏற்றது. வீட்டில் அறுக்காமல், கடையிலேயே அளவுக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். துளை போடும்போதும் தேய்க்கும்போதும் தூசுக் கவசம் கட்டாயம்; மரத்தூள் நுரையீரலுக்குக் கேடு. எம்டிஎஃப் ஈரத்தில் உப்பிவிடும். நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு, வெட்டிய விளிம்புகளையும் பூசி மூடிவிடுங்கள்.

அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள்?

ட்வீட்டரின் ஒலியைச் சுவர் பெருமளவு தடுத்துவிடும். தாழ்ந்த ஒலி அப்படியில்லை. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 8.5 மீட்டர். பல வீவக கூடங்களின் நீளத்தைவிட அது அதிகம்! சுவர், தரை வழியாக அது அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

• பெட்டியை மூலையில் வைக்காதீர்கள். தாழ்ந்த ஒலி கூடிவிடும்.
• சுவரை ஒட்டி வைக்கப்போகிறீர்கள் என்றால், போர்ட் முன்பக்கம் இருக்கும் வடிவமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.
• அடியில் ரப்பர் வைத்தால் தரைக்குப் போகும் அதிர்வு குறையும். காற்றில் போகும் ஒலி குறையாது.
• இரவில் போர்ட் குழாயைப் பஞ்சுத் துண்டால் அடைத்துவிடுங்கள். தாழ்ந்த ஒலி குறையும்.

சாங்கி வட்டாரத்தில் விமானம் தலைக்கு மேல் போகும்போது ஒலியைக் கூட்டத் தோன்றும். விமானம் போய்விடும், கூட்டிய ஒலி அப்படியே இருக்கும். ஒலி இரண்டு மடங்காகக் கேட்க வேண்டும் என்றால் சுமார் 10 டெசிபல் கூட்ட வேண்டும். ஆம்ப்ளிஃபையருக்கு அது 10 மடங்கு வேலை. காதுக்கும் ஆபத்து: 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணிநேரம் வரை கேட்கலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் சுமார் 4 மணிநேரம்தான்.

பணம் கொடுக்கும் முன்...

1. கூடத்தை அளந்தாச்சா? பெட்டியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைக்க இடம் இருக்கிறதா?
2. சோதிக்கப்பட்ட வடிவமைப்பும் வூஃபரின் விவரத்தாளும் கையில் இருக்கின்றனவா?
3. எல்லாப் பாகமும் இரண்டிரண்டு வேண்டும். கருவிகள், பூச்சுச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டீர்களா?

மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் டவரைத் தள்ளிப்போடுங்கள். அதே முறையில் சின்ன மேசைப் பெட்டி ஒரு ஜோடி செய்து பழகலாம். பலகை குறைவு, செலவு குறைவு. பக்கத்து வீட்டுக்காரரும் நிம்மதியாகத் தூங்குவார்.