மெதுவான நாடியும் ஒற்றைத் தலைவலித் தடுப்பு மருந்துத் தேர்வும்

பெங்களூரு தொம்மலூரில் நாடி மெதுவாகத் துடிப்பவர்களைக் காண்பது அரிதல்ல. பக்கத்தில் ராணுவத்தின் பயிற்சி நிலங்கள். உள்வட்டச் சாலையோரம் மென்பொருள் வளாகங்கள். அங்கே வேலை பார்த்துக்கொண்டே விடியற்காலையில் நெடுந்தூரம் ஓடிப் பழகியவர்கள். இத்தகையோருக்கு ஓய்வில் துடிப்பு நிமிடத்துக்கு 50-க்குக் கீழே இறங்குவதுண்டு. ஒற்றைத் தலைவலியும் இங்கு அரிதல்ல. பெங்களூரு நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் 18 முதல் 65 வயது வரையுள்ள 2,329 பேரிடம் தகவல் திரட்டி குல்கர்னி, ராவ், குருராஜ், ஸ்டோவ்னர், ஸ்டைனர் ஆகியோர் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓராண்டுக் காலத்தில் ஒற்றைத் தலைவலி கண்டோர் 25.2 விழுக்காடு. நால்வரில் ஒருவருக்கு உள்ள நோயும் மெதுவான நாடியும் ஒரே உடலில் சேர்வது விதிவிலக்கு ஆகாது. ஆனால் நம் மருந்துச்சீட்டுப் பழக்கம் அதை விதிவிலக்காகவே நடத்துகிறது.

இதற்குக் காரணம் புரொப்ரனோலாலுக்குக் கிடைத்த முதலிடம். ஜேம்ஸ் பிளாக் நெஞ்சுவலிக்காக உருவாக்கிய பீட்டா தடுப்பி மருந்து அது. அதை உட்கொண்ட நோயாளி ஒருவரின் தலைவலியும் குறைந்தது 1966-இல் தற்செயலாகக் கவனிக்கப்பட்டது. பின்னர் நடந்த சோதனைகள் அந்தப் பயனை உறுதிசெய்தன. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் ஒற்றைத் தலைவலித் தடுப்புக்கென நெடுங்காலம் இடம்பெற்ற ஒரே மருந்தும் அதுவே. மலிவானது, பழகியது, எந்த மருந்துக்கடையிலும் கிடைப்பது. ஆனால் இதயத்தை மெதுவாக்குவது அதன் பக்கவிளைவு அன்று. அதன் வேலையே அதுதான். துடிப்பை அவ்வளவாகக் குறைக்காத பிண்டலால் போன்ற பீட்டா தடுப்பிகளைக் கொடுத்துச் சமாளிக்கலாமே என்றால், அவை ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதில்லை.

ஆகவே முதலில் எழ வேண்டிய கேள்வி, நாடி ஏன் மெதுவாக இருக்கிறது என்பது. அமெரிக்க இதயவியல் அமைப்புகளின் 2018 வழிகாட்டுதல், மெதுவான துடிப்புக்கான எல்லையைப் பழைய 60-இலிருந்து 50-க்கு இறக்கியது. கைக்கடிகாரம் நள்ளிரவில் காட்டும் 44 என்ற எண் தனியே எதையும் முடிவு செய்யாது. பயிற்சியால் மெதுவான இதயம், தைராய்டு குறைவால் மெதுவான இதயம், மேலறையிலிருந்து கீழறைக்கு மின்கடத்தல் தடைபடும் இதயம் ஆகிய மூன்றும் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். மயக்கமோ தலைசுற்றலோ மூச்சிரைப்போ உண்டா என்று விசாரித்து, ஓர் ஈசிஜியும் ஒரு தைராய்டு சோதனையும் செய்தால் பெரும்பாலும் வேறுபாடு தெரிந்துவிடும். இந்த ஈசிஜி புரொப்ரனோலாலை விலக்க மட்டும் உதவுவதல்ல. இன்னொரு தடுப்பு மருந்தான அமிட்ரிப்டிலின் துடிப்பைக் குறைக்காது. சற்றே கூட்டவும் செய்யும். எனவே மெதுவான நாடிக்கு ஏற்றது என்று பலரும் அதை நாடுகிறார்கள். ஆனால் கடத்தல் கோளாறு உள்ள இதயத்தில் அது கடத்தலை மேலும் தாமதப்படுத்தும். நாடி எண்ணை மட்டும் பார்த்து மருந்தை மாற்றுகிறவர், ஒரு பள்ளத்துக்கு அஞ்சி இன்னொன்றில் காலை வைக்கிறார்.

இந்தியாவில் உள்ள இன்னொரு இடர், ஃபுளூனரிசின் என்ற தடுப்பு மருந்தும் புரொப்ரனோலாலும் ஒன்றாகச் சேர்ந்த கூட்டு மருந்து. தனி ஃபுளூனரிசின் நாடியைக் குறிப்பிடத்தக்க அளவு குறைப்பதில்லை. தூக்கக் கலக்கம், எடை கூடுதல், மனச்சோர்வு, முதியோரிடம் நடுக்கமும் விறைப்பும் ஆகியவற்றைக் கண்காணித்துக்கொண்டால் மெதுவான நாடிக்காரருக்கு அது தகுந்த மருந்தே. கூட்டு மருந்தில் நிலைமை தலைகீழ். நோயாளிக்கு நினைவில் இருப்பது வணிகப் பெயர் மட்டும். உள்ளே பீட்டா தடுப்பி இருப்பது அவருக்குத் தெரியாது. ஏற்கெனவே விழுங்கிவருபவர் அதை அறிந்த பதற்றத்தில் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் துணையோடு படிப்படியாகவே குறைக்க வேண்டும். அளவைத் தனித்தனியே மாற்ற இடம் தராத இந்தக் கூட்டுக்கு, நாடி எண்ணிப் பார்க்காத நோயாளியிடம் இடமே இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கடத்தல் சீராக இருந்து, இரத்த அழுத்தமும் தாழ்வாக இல்லாவிட்டால் முதலில் இரத்த அழுத்த மருந்தான கேண்டசார்டனை எண்ணலாம். மேலே சொன்ன பெங்களூரு ஆய்வில் பங்குகொண்ட அதே ஸ்டோவ்னர், நார்வேயில் தம் குழுவினருடன் 72 பேரிடம் 16 மில்லிகிராம் கேண்டசார்டனையும் 160 மில்லிகிராம் புரொப்ரனோலாலையும் ஒப்பிட்டு 2014-இல் முடிவுகளை வெளியிட்டார். தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தோர் கேண்டசார்டனில் 43, புரொப்ரனோலாலில் 40, வெற்று மாத்திரையில் 23 விழுக்காடு. சோதனை சிறியது என்பது உண்மை. ஆனால் மாற்று மருந்து ஏறக்குறைய சமமாகப் பயன் தரும்போது, 48 துடிப்புள்ள ஓட்டக்காரருக்குப் புரொப்ரனோலாலை எச்சரிக்கையோடு கொடுத்துப் பார்க்கலாம் என்ற வாதம் வலுவிழக்கிறது. அவர் ஓடும் வேகத்தையும் அந்த மருந்து பறிக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை: நம் மருந்துக்கடைகளில் அதிகம் புழங்கும் டெல்மிசார்டன் இதே குடும்பத்து மருந்து என்றாலும், 2009-இல் வெளிவந்த சோதனையில் அது முதன்மை இலக்கை எட்டவில்லை. ஒன்றுக்கு மற்றொன்றைப் பதிலாகக் கொடுப்பதற்குச் சான்று போதாது.

கடினமான தேர்வு, மகப்பேற்று வயதிலுள்ள பெண்களுடையது. ஒற்றைத் தலைவலியால் அதிகம் வாடுவோரும் அவர்களே. தடுப்பு மருந்துகளில் கேண்டசார்டன், டோபிரமேட், வால்புரோவேட் மூன்றும் கருவுக்குத் தீங்கு செய்பவை. கர்ப்ப காலத்தில் வழக்கமாகக் கைகொடுக்கும் புரொப்ரனோலாலின் வழியை, நாடி மெதுவாக உள்ள பெண்ணுக்கு அந்த நாடியே அடைத்துவிடுகிறது. ஒற்றைத் தலைவலியில் பங்கு வகிக்கும் சிஜிஆர்பி என்ற புரதக்கூறுக்கு எதிரான ஊசிகள் நாடியைக் குறைப்பதில்லை. எனினும் விலை பலருக்கு எட்டாதது. கர்ப்பத்தில் அவற்றின் பாதுகாப்புக்கான சான்றும் போதவில்லை. ஈசிஜி சீராக இருந்தால் இரவில் 10 மில்லிகிராம் அளவில் தொடங்கும் அமிட்ரிப்டிலினே இவருக்கு முதலில் வர வேண்டும். கேண்டசார்டனோ டோபிரமேட்டோ தேவைப்பட்டால், கருத்தடையைப் பற்றியும் கருத்தரிக்கும் எண்ணத்தைப் பற்றியும் அவரிடம் பேசி முடித்த பிறகே சீட்டு எழுதப்பட வேண்டும்.