தனிநடிப்பு: தமிழில் ஓராள் அரங்கின் வரலாறு

ஒரு நடிகர் தனியே மேடையேறிக் கதை முழுவதையும் நடத்திக் காட்டும் கலை தனிநடிப்பு. அவரே பல பாத்திரங்களாக மாறுவதுண்டு. ஒரே பாத்திரமாக நின்று, கண்ணுக்குத் தெரியாத மற்றவர்களோடு பேசுவதும் உண்டு. பள்ளி, கல்லூரி விழாக்களில் இதை 'மோனோ ஆக்டிங்' என்கிறார்கள். ஓரங்க நாடகம் வேறு. அது ஒரே அங்கத்தில் முடியும் நாடகம், அதில் எத்தனை பேரும் நடிக்கலாம். பலகுரல் கலையும் வேறு. குரல் ஒத்துப்போவதோடு அதன் வேலை முடிந்துவிடும். தனிநடிப்பில் குரலுக்குப் பின்னால் ஒரு மனிதரும், அவருக்கு ஒரு கவலையும் இருந்தாக வேண்டும்.

தொன்மை

தமிழில் இக்கலையின் பழைய சான்று சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் உள்ளது. வடநாட்டிலிருந்து திரும்பிய சேரன் செங்குட்டுவன் முன்னே, பறையூரைச் சேர்ந்த கூத்தச் சாக்கையன் 'கொட்டிச்சேதம்' ஆடுகிறான். சிவன் உமையை ஒரு பாகத்தில் கொண்டு ஆடும் கூத்து அது. சிவன் பக்கத்துச் சிலம்பு ஒலிக்கிறது, பறை ஆர்க்கிறது, சடை சுழல்கிறது. உமையின் பக்கத்து வளையலும் குழையும் கூந்தலும் அசையவில்லை. இரண்டு பாத்திரங்களும் ஓர் உடம்பிலேயே, ஒரே நேரத்தில் நிற்கின்றன. தனிநடிப்பின் இலக்கணம் முழுவதும் இந்தக் காட்சியில் அடங்கிவிடுகிறது.

சாக்கையர் கலை பின்னரும் தொடர்ந்தது. அரியலூர் மாவட்டம் காமரசவல்லிக் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டு, திருவிழா நாள்களில் சாக்கைக் கூத்து ஆடியவருக்கு நிலம் அளித்த செய்தியைத் தருகிறது. தமிழகத்தில் அக்கூத்து மறைந்தது. கேரளத்தில் சாக்கியார் கூத்து, நங்கியார் கூத்து, கூடியாட்டம் என உயிரோடிருக்கிறது. ஒரே நடிகர் பாத்திரம் விட்டுப் பாத்திரம் தாவுவதை அங்கே 'பகர்ந்நாட்டம்' என்பார்கள். கூடியாட்டத்தை 2001இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அரும்பெரும் மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது.

கதாகாலட்சேபம்

தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தில் மராட்டியக் கீர்த்தன மரபு காவிரிக்கரைக்கு வந்து சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் அதைக் கருநாடக இசையோடும் தமிழ்ப் பாடல்களோடும் இணைத்துக் கதாகாலட்சேபமாக வளர்த்தார். பக்கத்தில் மிருதங்கமும் பின்பாட்டும் இருந்தாலும் கதை மாந்தர் அத்தனை பேரும் பாகவதர் ஒருவரே. கையில் சிப்ளாக்கட்டை, காலில் சதங்கை, கழுத்தில் மாலை: இவ்வளவுதான் ஒப்பனை. இத்துறை ஆண்களுக்கே உரியதென்று இருந்த 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எதிர்ப்புக்கிடையே மேடையேறிப் பெரும்புகழ் பெற்றவர் சி. சரஸ்வதி பாய்.

இவர்கள் அதிகம் எடுத்துக்கொண்ட கதைகளுள் ஒன்று கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம். தில்லைக்குப் போக விடை கேட்டு நிற்கும் பண்ணையாள் நந்தன், மறுக்கும் நிலவுடைமையாளரான வேதியர் என்ற இருவரும் ஒரே தொண்டையிலிருந்து பேச வேண்டும். அதட்டுகிறவரும் அதட்டலுக்குக் குனிகிறவரும் ஒரே ஆளாக இருக்கும்போது, கேட்பவர் மனத்தில் அது தனியாகத் தைக்கும். இதை நன்கு அறிந்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். பள்ளிப் படிப்பை நாடிய கிந்தனின் கதையை அதே காலட்சேப வடிவில் 'கிந்தனார்' என்று நடத்தினார்; 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்திலும் அது இடம்பெற்றது. பக்திக்கு வளர்ந்த வடிவம் சமூக சீர்திருத்தத்துக்கும் கைகொடுத்தது.

சபாக்களின் காலம்

தாம்பரத்தை அடுத்த பம்மலின் பெயரைத் தாங்கிய பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். எழுதிய வசனம், ஒழுங்கான ஒத்திகை, படித்தவர்கள் நடிக்கும் குழு என்று தமிழ் நாடகம் புதுவழி கண்டது. ஆனால் நாடகம் என்றால் குழு என்றே ஆனதில் தனிநடிப்பு பள்ளி ஆண்டுவிழாவுக்கும் போட்டி மேடைக்கும் ஒதுங்கிப்போனது. பத்து நிமிடத்துக்குள் முடியும் துணுக்காகவே பலர் அதை இன்றும் நினைப்பதற்கு இதுவே காரணம்.

ஈழத்தில்

தனிநடிப்பை மக்கள் கலையாக்கியதில் ஈழத்தமிழர் பங்கு பெரிது. யாழ்ப்பாணம் கரவெட்டியில் பிறந்த கே. எஸ். பாலச்சந்திரன் (1944–2014) மேடை, வானொலி, தொலைக்காட்சி, திரைப்படம் என எல்லாவற்றிலும் இயங்கியவர். செங்கை ஆழியானின் நாவலிலிருந்து உருவான 'வாடைக்காற்று' (1978) படத்தில் நடித்தார். 'வாத்தியார் வீட்டில்' என்ற வானொலித் தொடரை எழுதினார். 'கரையைத் தேடும் கட்டுமரங்கள்' என்ற நாவலையும் தந்தார். இருந்தும் ஊரார் வாயில் அவர் 'அண்ணை றைற்' பாலச்சந்திரன்தான்.

'அண்ணை றைற்' ஒரு பேருந்து நடத்துநரைப் பற்றிய தனிநடிப்பு. வண்டியை எடுக்கச் சொல்லி ஓட்டுநருக்கு நடத்துநர் கொடுக்கும் குரலே அதன் பெயர். மேடையில் வண்டி இல்லை, பயணிகள் இல்லை, ஓட்டுநரும் இல்லை. நடத்துநர் ஒருவருக்குச் சொல்லும் பதிலிலிருந்து அந்த ஆளின் வயதையும் குணத்தையும் பார்வையாளர் தாமே கட்டிக்கொள்கிறார்கள். யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழின் குழைவு அதற்கு உயிர். புலம்பெயர்ந்து கனடாவில் வாழ்ந்து டொரன்டோவில் மறைந்தவர் பாலச்சந்திரன். ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்தப் பேருந்து ஊரையே ஏற்றிக்கொண்டு வந்தது.

அண்மைக் காலம்

சென்னையில் நாடகக் கலைஞரும் மொழிபெயர்ப்பாளருமான பிரீதம் சக்ரவர்த்தி, திருநங்கையர் வாய்மொழியாகச் சொன்ன வாழ்க்கைக் கதைகளிலிருந்து 'நிர்வாணம்' என்ற ஓராள் நிகழ்வை உருவாக்கி நடித்தார். கேட்டறிந்த வாழ்வைத் தன் உடம்பில் ஏற்று, பொறுப்போடு சபைக்குச் சொல்லும் சாட்சியாக இங்கே தனிநடிப்பு மாறுகிறது.

பிறமொழிகளிலும் இக்கலை செழித்தது. மராத்தியில் லட்சுமண் தேஷ்பாண்டே 'வராட் நிகாலய் லண்டன்லா' என்ற நாடகத்தில் லண்டனுக்குப் புறப்படும் கல்யாணக் கோஷ்டியின் ஐம்பதுக்கும் மேற்பட்ட பாத்திரங்களைத் தனியே ஏற்றார். வங்கத்தில் சாவோலி மித்ரா 1983இல் 'நாதவதி அனாதவத்' மூலம் திரௌபதியின் கதையைத் தனியாளாக நின்று சொன்னார். சத்தீஸ்கரின் பாண்டவானிக் கலைஞர் தீஜன் பாயின் கைத் தம்பூரா பீமனின் கதாயுதமாகவும் அர்ச்சுனனின் வில்லாகவும் மாறும். 2019இல் அவருக்குப் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. அமெரிக்காவில் ஹால் ஹோல்ப்ரூக், எழுத்தாளர் மார்க் ட்வைனாக 1954 முதல் 2017 வரை மேடையேறினார்.

நடிப்பு முறை

பாத்திரம் மாறியதை முதலில் அறிவிப்பது கண். குரல் அதற்குப் பின்னரே வரும். தந்தை வலப்பக்கம் கீழ்நோக்கிப் பேசினால், மகன் இடப்பக்கம் மேல்நோக்கிப் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பார்வைக்கோடு ஒருமுறை பிசகினாலும் எதிரே நின்ற ஆள் கலைந்துபோவார். அமர்ந்தபடியே கதை சொல்லும் ஜப்பானிய ரகுகோ கலைஞர்களும் இதே முறையில்தான் ஆள்மாற்றம் காட்டுகிறார்கள். அவர்களுக்கு ஒரு விசிறியும் சிறு துணியுமே பொருள்கள். நம் நடிகருக்கு ஒரு துண்டு போதும். தோளில் கிடந்தால் பண்ணையார்; அதையே இடுப்பில் கட்டினால் கூலியாள். நூற்றாண்டுகளின் ஏற்றத்தாழ்வை அந்த ஒரு முழத் துணி சொல்லிவிடும்.

எல்லாவற்றிலும் கடினமானது கேட்பது. எதிராளி பேசி முடிக்கும் வரை நடிகர் காத்திருக்க வேண்டும். அந்த மௌனத்தில் அவர் முகம் மாறுவதைப் பார்த்துத்தான் சபை சொல்லப்படாத வசனத்தைப் புரிந்துகொள்கிறது.

இன்றைய தேவை

சென்னையின் நாடக அரங்குகள் பெரும்பாலும் எழும்பூர், நுங்கம்பாக்கம், மயிலாப்பூர் வட்டாரத்தில் இருக்கின்றன. புறநகரான மேடவாக்கத்தில் வேலை முடித்து வருபவருக்கு எழும்பூர் அருங்காட்சியக அரங்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரம். செட்டும் ஒளியமைப்பும் பத்து நடிகர்களும் கொண்ட நாடகத்தைப் புறநகருக்குக் கொண்டுவருவது பெருஞ்செலவு. தனிநடிகர் ஒரு தோள்பையோடு பேருந்தில் வந்து இறங்கி, பள்ளிக்கூடத்து வேப்பமர நிழலிலோ குடியிருப்பின் மொட்டைமாடியிலோ நின்று தொடங்கிவிடலாம். புறநகருக்கு நாடகம் வர இதைவிட எளிய வழி இல்லை.

ஆனால் இக்கலையின் பெரிய குறை, நடிகரோடு அது போய்விடுவது. குழு நாடகத்துக்கு எழுத்துப் பிரதி மிஞ்சும். தனிநடிப்பில் பார்வையும் நிறுத்தமும் துண்டை மாற்றும் கணமும்தான் பிரதி. கேரளத்துச் சாக்கியார்கள் எந்த வரிக்கு எந்த நடிப்பு என்பதை 'ஆட்டப்பிரகாரம்' என்ற ஏடுகளில் எழுதித் தலைமுறைக்குக் கொடுத்தார்கள். பறையூர்க் கூத்தன் ஆடியதை ஒரு புலவர் பாடிவைத்ததால் இன்று நாம் அறிகிறோம். நம் காலத்துத் தனிநடிகர்கள் தங்கள் ஆட்டத்தைத் தாங்களே எழுதிவைக்க வேண்டும். அடுத்து வருபவர் அதை எடுத்து நடிக்கும் நாளில்தான் அது மரபாகும்.