'யூ' முழுங்கிய 'தௌ'

மதுரையில் ஆறாம் வகுப்பு படிக்கும்போது இங்கிலீஷ் வாத்தியார் ப்ரொனவுன் பட்டியல் எழுதிப் போட்டார். ஒருமைக்கும் 'யூ', பன்மைக்கும் 'யூ'. "ஏன் சார்?"னு கேட்டேன். "மனப்பாடம் பண்ணுடா!"

போன மாசம் கான்ஃபரன்ஸ் காலில் "திங்கக்கிழமைக்குள்ள 'யூ' முடிச்சிடுவீங்களா?"ன்னாங்க. டீமைக் கேக்குறாங்கன்னு நினைச்சு 'யெஸ்' சொன்னேன். என்னை மட்டும்தான் கேட்டாங்களாம். சனி, ஞாயிறு காலி மக்களே! அந்தக் கடுப்புல தோண்டினதுதான் இது.

பழைய ஆங்கிலத்தில் ஒருத்தருக்கு 'தௌ', பலருக்கு 'யீ', 'யூ'. 13ஆம் நூற்றாண்டு வாக்கில், பிரெஞ்சுப் பழக்கத்தைப் பார்த்து, பெரிய மனுஷங்களைப் பன்மையில் கூப்பிட ஆரம்பிச்சாங்க. மரியாதை கீழே பரவப் பரவ 'தௌ' மட்டமாகிப்போச்சு. 1650களில் குவேக்கர்கள் எல்லாரும் சமம்னு சொல்லி நீதிபதியையே 'தௌ' போட்டுப் பேசினாங்க. சும்மா விடுவாங்களா? அடி, ஜெயில். 17ஆம் நூற்றாண்டு முடியுறப்போ பொதுப்பேச்சில் 'தௌ' கிட்டத்தட்ட அவுட்.

நம்மூரிலும் ஆரம்பம் இதேதான். பன்மையான 'நீர்' ஒருத்தருக்கான மரியாதை ஆச்சு. ஆனா நாம 'நீ'யை விடலை. 'நீங்கள்'னு ஒண்ணு சேர்த்துக்கிட்டோம். ('நீம்' ஏற்கெனவே பன்மை, அதுமேல 'கள்' வேற!) அப்புறம் அதுவும் மரியாதைக்குப் போயிடுச்சு. மாமாவை 'நீ'ன்னு சொல்லிப் பாருங்க, தெரியும் சேதி.

கூட்டத்தைச் சொல்லணும்னா இப்ப மதுரையில் 'நீங்கள்லாம்'. அமெரிக்கத் தெற்கிலும் அதே கஷ்டம், 'யால்'ங்கிறாங்க. அடுத்த காலில் நானும் "'யூ'வா, 'யூ ஆல்'லா?"ன்னு கேட்டுட்டுத்தான் வாயைத் திறந்தேன்.