வூயி பாறைத் தேநீர்

வூயி பாறைத் தேநீர், சீனாவின் ஃபூஜியன் மாகாணத்து வட பகுதியில் உள்ள வூயி மலையில் விளைந்து, தணலில் வாட்டிப் பக்குவப்படுத்தப்படும் ஊலோங் வகைத் தேயிலை. சீன மொழியில் இதன் பெயர் 'யான்ச்சா'. பாறை இடுக்குகளில் சேர்ந்த மண்ணில் செடிகள் வேர்விடுவதால் இப்பெயர் வந்தது. வூயி மலை 1999-இல் யுனெஸ்கோவின் உலக மரபுக்களமானது. தேநீர், தேயிலை என்னும் நம் சொற்களில் உள்ள 'தே', இதே மாகாணத்தின் தென்கரைப் பேச்சுவழக்கிலிருந்து கடல்வணிகம் வழியே பரவிய சொல்லாகும்.

வகைகள்

தாஹோங்பாவ், ரோக்குய், ஷுய்சியன் ஆகியவை பெயர்பெற்றவை. தாஹோங்பாவ் என்றால் 'பெரிய செவ்வங்கி'. ரோக்குய், இலவங்கப்பட்டையை ஒத்த மணத்தால் பெயர் பெற்றது. தாஹோங்பாவின் ஆறு தாய்ச்செடிகள் ஒரு செங்குத்துப் பாறையில் இன்றும் நிற்கின்றன. 2006 முதல் அவற்றில் இலை பறிப்பதில்லை. கடைசியாகப் பறித்த இலையில் 20 கிராம், 2007-இல் பெய்ஜிங்கிலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது.

பக்குவம்

பறித்த இலையை வாடவைத்து, மூங்கில் தட்டுகளில் இட்டுக் குலுக்குவார்கள். இலையின் ஓரம் நசுங்கி, காற்றுப் பட்டுச் சிவக்கும். நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். பாதி மாறிய இந்த நிலையே ஊலோங்கின் இலக்கணம். சூடான சட்டியில் வதக்கி அம்மாற்றத்தை நிறுத்தியபின் இலையைச் சுருட்டி உலர்த்துவார்கள்.

அடுத்தது வாட்டுதல். அடுப்புக்கரியை மூட்டி, சுவாலையும் புகையும் அடங்கியபின் சாம்பலால் மூடுவார்கள். அந்த நீறு பூத்த நெருப்பின்மேல் இலை பரப்பிய மூங்கில் கூடை பல மணி நேரம் இருக்கும். இடைவெளி விட்டு இதைத் திரும்பவும் செய்வதுண்டு. பச்சை வாடை நீங்கும், துவர்ப்பு தணியும், இலையிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து வறுகடலை, வெல்லப்பாகு போன்ற மணங்கள் பிறக்கும். வாட்டிய சூடு இலையில் அடங்கச் சில மாதங்கள் வைத்திருந்து அருந்துவதே வழக்கம்.

சுவைக்கும் முறை

மூடியுள்ள 110 மில்லி கிண்ணத்தில் 8 கிராம் அளவு இலையிட்டு, கொதிநீர் ஊற்றிச் சில விநாடிகளில் வடித்துவிடுவார்கள். ஒரே இலை ஏழெட்டு முறை வடிக்கத் தாங்கும். தரம் பிரிப்பவர்களின் முறை வேறு: அதே அளவுக் கிண்ணத்தில் 5 கிராம் இலை, 2, 3, 5 நிமிடங்களென மூன்று வடிப்பு. நீண்ட நேரம் ஊறும்போது இலையின் குறை மறைய இடமிருக்காது.

முதலில் மூடியின் உட்புறத்தை முகர்வார்கள். முதல் வடிப்பில் நெருப்பின் மணம் முந்தும். அடுத்தடுத்த வடிப்புகளில் அது விலகிப் பூமணமோ பழமணமோ வெளிப்படும். நீர் தேன்நிறத்திலிருந்து செம்பழுப்பு வரை இருக்கலாம், கலங்கக் கூடாது. விழுங்கியபின் தொண்டையிலிருந்து ஊறி வரும் இனிப்புக்கு 'ஹுய்கான்' என்று பெயர். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தவருக்கு அந்த அனுபவம் புரியும். அருந்தி முடித்த வெறுங்கிண்ணத்தில் தங்கும் மணத்தையும் கணக்கில் கொள்வார்கள்.

லியாங் சாங்ஜூ (1775–1849) என்ற அறிஞர் இத்தேநீருக்கு மணம், தெளிவு, இனிமை, உயிர்ப்பு என நான்கு படிகள் உண்டு என்று எழுதினார். அவற்றுள் மணம் அடியிலுள்ள முதற்படி. நாவில் துள்ளும் உயிர்ப்பே உச்சி.

குறைகள்

புகைவாடை, காந்தல் வாடை, தொண்டையில் கமறல் ஆகியவை வாட்டியதன் பிழைகள். கடைசி வடிப்புக்குப்பின் இலையை நீரில் பரப்பிப் பார்த்தால் உண்மை தெரியும். பதமாக வாட்டிய இலை மெல்ல விரிந்து மென்மையாகும். கருகிய இலை சுருண்டபடியே விறைத்திருக்கும். நெருப்பு இலையைத் துலக்கியிருந்தால் நல்ல தேநீர். இலையை மறைத்திருந்தால் அது எவ்வளவு மணத்தாலும் தாழ்ந்ததே.