ஆசிரியர் நாற்காலி

பணியிடத்தில் புதுமை எவ்வாறு பிறக்கிறது என்பதை முகாமைத்துவ நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. பத்திரிகைக் காரியாலயங்களில் வாழ்நாளைக் கழித்த எனக்கோ, அக்கேள்வி எழும்போதெல்லாம் பேராசிரியர் க. கைலாசபதியின் நினைவே வரும்.

1957இல் ஏரிக்கரை நிறுவனத்தின் தினகரனில் சேர்ந்த அவர், 1959இல் தமது 26ஆவது வயதில் அதன் ஆசிரியரானார். நிறுவனத்தை அப்போது நடத்திய எஸ்மண்ட் விக்கிரமசிங்க இடதுசாரிகளை எதிர்த்தவர், கைலாசபதியோ மார்க்சியர். ஆயினும் அந்த நாற்காலி அவருக்குக் கிடைத்தது.

தமிழகச் சஞ்சிகைகளைப் பார்த்து எழுதுவதே வழக்கமாயிருந்த காலம் அது. இம்மண்ணின் வாழ்வை இம்மண்ணின் பேச்சிலேயே எழுதலாம் என்ற துணிவை அவர் எழுத்தாளருக்கு அளித்தார். இளங்கீரனின் ‘நீதியே நீ கேள்’ நாவல் தினகரனில் தொடராக வெளிவந்தது. 1961இல் அவர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிட்டார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே ஆசிரியராயிருந்தவரைப் பற்றி இன்றும் பேசுகிறோம்.

மறுபக்கமும் உண்டு. தெளிவான கொள்கை கொண்ட தலைவர் ஒரு வாசலைத் திறக்கையில், அக்கொள்கையை ஏற்காதோர் வெளியே நிற்பதாக உணர்வர். முற்போக்கு அணியின் மீது மு. தளையசிங்கம் ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’யில் வைத்த விமர்சனத்தை அவ்வகையிலும் வாசிக்கலாம்.

கைலாசபதியின் கீழ் நான் பணியாற்றியதில்லை. கொட்டாஞ்சேனையில் அறையெடுத்துத் தங்கி, ஒப்புநோக்குநராகத் தொழிலைத் தொடங்கியவன் நான். எனது முதல் ஆசிரியர், கட்டுரைகளைப் படியாமலே திருப்பித் தருவார். ஓராண்டில் நாங்கள் எவரும் எதையும் எழுதிக் கொண்டுபோகவில்லை. “இந்தப் பொடியன்களிடம் சரக்கில்லை” என்றார் அவர். அவருடைய மௌனமே எங்களையும் மௌனமாக்கியது என்பதை அவர் அறியவில்லை.

பல ஆண்டுகளின் பின் ஆசிரிய பீடத்தில் நானே அமர்ந்தேன். வெள்ளவத்தை விடுதிகளில் வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருப்போரைப் பற்றித் தொடர் எழுத விரும்புவதாக ஓர் இளம் நிருபர் வந்தார். “பிறகு பார்ப்போம், தம்பி” என்றேன். அந்தப் பிறகு வரவேயில்லை. அவரும் நாட்டைவிட்டுப் போய்விட்டார்.

என் முதல் ஆசிரியரை நெடுங்காலம் குறை கூறி வந்தேன். அன்று அவருடைய நாற்காலியில் அமர்ந்திருந்தவன் நானேதான்.