இஸே ஆலயத்தில் ஒரு பகல்

ஜப்பானில் உஜிப் பாலத்தைக் கடந்து வழிகாட்டியின் பின்னே செல்லும் யாத்திரிகர், இஸுஸு ஆற்றில் கைகழுவி வாய் கொப்பளிக்கிறார். சந்நிதியில் இருமுறை வணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்குகிறார். எதிரே வெண்திரை, கருவறை கண்ணுக்குப் புலப்படாது.

மரத்தாலான இந்த ஷின்டோ ஆலயத்தை இருபதாண்டுக்கொருமுறை அருகிலுள்ள வெற்றிடத்தில் புதிதாக எழுப்பிப் பழையதைப் பிரித்துவிடும் மரபு 690இல் தொடங்கிற்று. கற்கோயில்களைக் கண்டு பழகிய நமக்கு இது விந்தையே! எனினும், தச்சர்தம் கைத்திறன் தலைமுறை தோறும் பிழைத்திருப்பது இதனாலன்றோ?

இடைக்காலப் போர்களில் இவ்வழக்கம் நூறாண்டுக்கு மேல் தடைப்பட்டது. 1945இல் நாடு தோற்றபின் அரசின் பொருளுதவியும் நின்றது. 1949இல் நிகழவேண்டிய திருப்பணி, மக்களின் காணிக்கையால் 1953இல் நிறைவேறியது. அறுபத்திரண்டாம் முறை 2013இல் நடந்தது.

திரும்புகையில் பாலத்தருகே நிற்கும் தோரண வாயிலை யாத்திரிகர் கடக்கிறார். அதன் தூண்கள், பிரிக்கப்பட்ட பழைய ஆலயத்தின் முகட்டைத் தாங்கியவை.